படல் சாத்தும் பருவம்

கொல்லங்கோட்டிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரு கறவை மாட்டின் தீவனத் தொட்டியைக் கவனித்துப் பார்த்தால், இந்த மாடு எந்த நிலத்தை நம்பி வாழ்கிறது என்ற கேள்வி எழும். கட்டியிருப்பது பாலக்காட்டு மண்ணில். தொட்டியில் கிடக்கும் வைக்கோலில் கொஞ்சம் பக்கத்து வயலுடையது. அது தீர்ந்த மாதங்களில் எல்லை தாண்டி லாரியில் வந்தது. கலப்புத் தீவன மூட்டை மலம்புழாவிலுள்ள, கேரளப் பால் கூட்டுறவு நிறுவனமான மில்மாவின் ஆலையிலோ வேறு ஆலையிலோ தயாரானது. ஆனால் மூட்டைக்குள் இருக்கும் மக்காச்சோளம், தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு ஆகியவற்றில் பெரும்பகுதி கேரளத்துக்கு வெளியே விளைந்தது. மாட்டுக்காரரின் சொந்த நிலத்தில் விளைவது என்று பார்த்தால், வரப்போரத்திலும் கிணற்றடியிலும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இரண்டு மூன்று பாத்தி இருக்கும். மாடு அந்தப் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. புல்லை அறுத்து அதனிடம் கொண்டு போகிறார்கள்.

சித்தூர் வட்டத்தின் பால் கூட்டுறவுச் சங்கங்கள் கேரளத்தின் பால் உற்பத்தியில் முன்வரிசையில் நிற்பவை. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச இந்தக் கட்டுரை வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கறக்கும் பெண்களின் கைகளால்தான் அந்தச் சங்கங்கள் நிற்கின்றன. ஆனால் கால்நடை பற்றி நாம் பேசும்போதெல்லாம் இனத்தைப் பேசுகிறோம், லிட்டரைப் பேசுகிறோம், விலையைப் பேசுகிறோம். மேய்ச்சல் நிலம் பேச்சில் வருவதே இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மௌனத்தின் விலை தெரியும். மேற்கு முனையில் மேய்ச்சல் நிலமே இல்லாத மாடுகள் நிற்கின்றன. கொல்லங்கோட்டிலிருந்து நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே, காங்கேயத்தில், பல தலைமுறையாக வேலியடைத்துக் காத்த புல்வெளிகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரே காற்று இரண்டையும் கடந்து போகிறது.

கொல்லங்கோட்டிலும் ஒரு காலத்தில் மேய்ச்சல் இருந்தது. அங்கே அது இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று நெல்வயல். இரண்டாம் விளை தையிலும் மாசியிலும் அறுவடையானதும் வயல்கள் திறந்து கிடக்கும். யாருடைய வயல் என்று பார்க்காமல் ஊர் மாடுகள் தாள் மேயும். அடுத்த மழை வரை அதுதான் வழக்கம். மற்றொன்று தென்மலை அடிவாரம், அதாவது நெல்லியாம்பதி மலைகள் சமவெளியில் இறங்கும் ஓரக்காடு. இந்த இரண்டிலும் மாட்டுக்காரருக்குப் பட்டா கிடையாது. பழக்கத்தால் வந்த உரிமை மட்டுமே இருந்தது. அது எழுத்தில் இல்லாததால், போகும்போது யாரும் அதை இழப்பென்று பதிவு செய்யவில்லை.

அது போன விதத்தில் சூழ்ச்சி எதுவும் இல்லை. கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது பெரிய நீதி. அடுத்த ஆண்டு தனியார் காடுகளை அரசிடம் சேர்க்கும் சட்டம் வந்தது. 1973இல் பரம்பிக்குளம் வனவிலங்கு சரணாலயமானது, 2010இல் புலிகள் காப்பகமானது. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. டிராக்டர் வந்ததும் உழவு மாடு போயிற்று; அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோலைக் கட்டு கட்டாக உருட்டி விலைக்கு விற்க முடிந்தது. விலை வந்த பொருளை யாரும் ஊர் மாட்டுக்குத் திறந்து விடுவதில்லை. முதலமடைப் பக்கம் மானாவாரி நிலங்கள் மாந்தோப்பாக மாறின. பூக்கும் காலத்தில் மருந்தடிக்கும் தோப்புக்குள் கறவை மாட்டை விடத் துணிகிறவர் இல்லை. இத்தனையும் சேர்ந்து முடிந்தபோது மாடு தொழுவத்துக்குள் வந்திருந்தது.

தொழுவத்துக்குள் வந்த மாட்டின் கதை மலைமேல், இடுக்கி மாவட்டத்தின் மாட்டுப்பெட்டியில் தொடங்குகிறது. மூணாறுக்கு அருகிலுள்ள அந்த ஊரில் 1963இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகள் வந்தன. உள்ளூர்ப் பசுக்களோடு அவற்றைக் கலந்து உருவாக்கிய இனத்துக்குச் சுனந்தினி என்று பெயர். குளிர்ந்த மலைச்சரிவில் மாட்டையும் புல்லையும் சேர்த்தே அங்கே வளர்த்தார்கள். பிறகு அந்தத் திட்டம் மாநிலம் முழுவதும் பரவியபோது பரவியது உறைவிந்து மட்டுமே. திரவ நைட்ரஜன் கலனில் வைத்தால் அது எந்த ஊருக்கும் போகும். மாட்டுப்பெட்டியின் புல்வெளி எந்தக் கலனிலும் ஏறாது. கேரளக் கால்நடைக் கொள்கையில் நிலம் விடுபட்டுப் போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே, 1961இன் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளை வைத்திருப்பதைத் தடுத்திருந்தது. அழியும் நிலைக்கு வந்த வெச்சூர் பசுவை 1989இல் மண்ணுத்தியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் தேடித் தேடிச் சேர்க்க வேண்டி வந்தது இதன் தொடர்ச்சி.

எண்களைப் பாருங்கள். 1996 கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ 34 லட்சம் மாடுகள் இருந்தன. 2019இல் 13.4 லட்சம். அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கலப்பினம். மாடு குறைந்தும் ஒரு மாடு தரும் பால் கூடியது, அது சாதனைதான். ஆனால் அந்தப் பால் எந்த மண்ணின் சத்து என்று கேட்டால் விடை கேரளத்தில் இல்லை.

இனி கிழக்கு முனைக்குப் போவோம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வரை பரந்த வறண்ட மேட்டு நிலத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் முறை இருக்கிறது. சரளை கலந்த செம்மண். ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. ஆனி ஆடியில் கணவாய் வழியாக வருவது மழை கொட்டித் தீர்ந்த வெறுங்காற்று. இந்த மண்ணில் பயிர் வைத்துத் தோற்பதைவிடப் புல்லை வைத்து வாழ்வது மேல் என்று அங்குள்ளவர்கள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்கள். நிலம் தனியார் பட்டா. சில ஏக்கர்களுக்கு ஒன்றாக அதை அடைப்புகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடைப்பையும் முள்கிளுவை உயிர்வேலியால் சூழ்ந்திருக்கிறார்கள். உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல். நடுவே அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்று செடிகளின் மேல் ஒரு முழு வாழ்க்கை முறையே நிற்கிறது.

மூன்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேலி. கிளுவைப் போத்தை மழைக்காலத்தில் நெருக்கமாக நட்டால் வேர் பிடித்து, சில ஆண்டுகளில் ஆடு நுழையாத முள்வேலியாகும். அது காற்றைத் தடுக்கும், அதன் தழை ஆட்டுக்கு ஆகும். ஆனால் அதன் பெரிய பயன் வேறு. வேலி இருந்தால் மேய்ப்பவர் தேவையில்லை. மாடு இரவும் பகலும் அடைப்புக்குள் தானே மேயும், தானே படுக்கும், அதன் சாணமும் கோமியமும் அங்கேயே விழும். அதைவிட முக்கியம், வேலியும் அதன் வாயில் படலும் இருந்தால்தான் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க முடியும். மழை விழுந்து கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும் வேளையில் படலைச் சாத்திவிடுகிறார்கள். மாடும் செம்மறியும் வேறு அடைப்பில் இருக்கும், அல்லது கட்டுத்தரையில் சோளத்தட்டு தின்னும். புல் கதிர் வைத்து விதை உதிர்த்தபின் படல் திறக்கும். ஊர்ப் பொது நிலத்தில் இதைச் செய்ய முடியாது. ஒருவர் தம் மாட்டை நிறுத்தினால் இன்னொருவர் மாடு அதைத் தின்றுவிடும். கொல்லங்கோட்டின் தாள் மேய்ச்சலும் மலையடிவார மேய்ச்சலும் தளர்ந்ததற்கும் கொறங்காடு நிலைத்ததற்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்தப் படலில் இருக்கிறது.

துளிர்க்கும் வேளையில் ஏன் மேயவிடக் கூடாது? குத்துப்புல் கோடையைத் தாண்டுவது வேரிலும் தூரிலும் சேர்த்து வைத்த சத்தால். முதல் மழையில் அது விடும் இலைகள் அந்தச் சேமிப்பைச் செலவழித்து வருபவை. அந்த இலைகள் பல வாரம் வெயிலில் நின்று திருப்பிச் சம்பாதித்தால்தான் வேர் மறுபடி தடிக்கும். அதற்குள் மாடு கடித்தால் புல் இரண்டாம் முறை சேமிப்பிலிருந்து எடுக்கிறது. மூன்றாம் முறை எடுக்க எதுவும் இருக்காது. வேர் சுருங்கும், தூர் சாகும், அந்த இடத்தில் ஓராண்டுக் களை வரும். மாடு பசியோடிருக்கும் நாளும் புல் பலவீனமாக இருக்கும் நாளும் ஒன்றாகவே வருவதால் இது கடினமான கட்டுப்பாடு. நான்கு மாதக் கோடையில் எலும்பு தெரியும் மாட்டை வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் பச்சை தெரியும்போது படலைத் திறக்காமலிருக்க மனவுறுதி வேண்டும்.

இதே பாடத்தை உலகின் மிகப் பெரிய மேய்ச்சல் பண்ணைகளில் சில பெரும் பொருட்செலவில் கற்றன. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பண்ணைகளின் அளவு நமக்குப் பிடிபடாது. வட நிலப்பகுதியிலுள்ள பிரூனெட் டவுன்ஸ் பண்ணை மட்டுமே 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். பாலக்காடு மாவட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். அங்கே நிற்கும் பிராமன் மாடுகளின் முன்னோர் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற இந்திய இனங்கள்; அவை அமெரிக்கா போய்க் கலந்து, அங்கிருந்து 1933இல் குயின்ஸ்லாந்துக்கு வந்தன. உண்ணியையும் வெயிலையும் தாங்கியதால் வடபகுதி முழுவதும் அவையே பரவின. அவை தின்னும் புற்களில் முக்கியமான ஒன்று நம் கொழுக்கட்டைப் புல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டகச் சேணங்களின் திணிப்பில் அதன் விதை போய்ச் சேர்ந்தது; பிறகு தெரிந்தே விதைத்தார்கள். மேய்ச்சல்காரருக்கு அது செல்வம். உள்நாட்டுத் தாவரங்களை நெருக்கித் தீயையும் வளர்ப்பதால் வேறு பகுதிகளில் அதைக் களையென்று ஒழிக்கப் பார்க்கிறார்கள். நம் கொறங்காட்டில் அதற்கு அந்தப் பழி இல்லை. இங்கே அது ஊர்ப்புல்.

குயின்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் அருகே வாம்பியானா என்ற பண்ணையில் 1997இல் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கும் ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். காங்கேயத்திலிருந்து அதிக தூரமில்லாத எண். ஏறத்தாழ 100 ஹெக்டேர் அடைப்புகளாகப் பிரித்து, சிலவற்றில் நிலம் தாங்கும் அளவுக்கு மிதமாக மாடு விட்டார்கள், சிலவற்றில் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, சிலவற்றில் புல்லின் அளவைப் பார்த்து ஆண்டுதோறும் எண்ணிக்கையை மாற்றினார்கள், சிலவற்றில் மழைக்கால ஓய்வு கொடுத்தார்கள். முதலில் நல்ல மழை ஆண்டுகள். அப்போது இரு மடங்கு மாடு விட்ட அடைப்புகளே அதிக லாபம் காட்டின. அத்தோடு ஆய்வை முடித்திருந்தால் தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள். வறண்ட ஆண்டுகள் வந்ததும் அந்த அடைப்புகளில் நல்ல குத்துப்புல் செத்தது, தீவனம் வாங்கிப் போட வேண்டியதாயிற்று, மாட்டின் எடை குறைந்து விலையும் இறங்கியது. ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் மிதமான அடைப்புகளும், புல்லுக்கேற்ப எண்ணிக்கையை மாற்றிய அடைப்புகளுமே பணத்திலும் முந்தின, மண்ணையும் காத்தன.

வட ஆஸ்திரேலிய மேய்ச்சல் வல்லுநர்கள் சொல்லும் பாதுகாப்பான அளவு, விளையும் புல்லில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் மட்டும் மாட்டுக்கு விடுவது. இதை நம் நிலத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். மழை பெய்த ஆண்டில் ஒரு ஹெக்டேரில் காய்ந்த எடையாக 2 டன் புல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 650 கிலோ. 300 கிலோ எடையுள்ள காங்கேயம் பசு நாளுக்கு ஏறத்தாழ 7 கிலோ தின்னும். ஆண்டுக்கு 2,500 கிலோ. ஆக ஒரு பசுவுக்குக் கிட்டத்தட்ட 4 ஹெக்டேர், அதாவது 10 ஏக்கர் வேண்டும். கொறங்காட்டுக்காரரில் பலரிடம் அவ்வளவு நிலமே இல்லை. அதனால் அவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகமாகவே மேயவிடுகிறார்கள். அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்வது வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்து சத்திழக்கும் நேரத்தில் அதன் காய் உதிரும்; புரதம் நிறைந்த அந்தக் காயை ஆடும் மாடும் தேடிப் பொறுக்கும். மரநிழலில் புல் இன்னும் கொஞ்ச நாள் பச்சை காக்கும். மீதியைச் சோளத்தட்டு சமாளிக்கும்.

சோளம் எங்கிருந்து வருகிறது என்பது கொறங்காட்டின் நுட்பமான பகுதி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அடைப்பை உழுது சோளமும் கொள்ளும் விதைப்பார்கள். தானியமும் தட்டும் வீட்டுக்கு வரும். அடுத்த மழையில் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் தூரிலிருந்தும் கொழுக்கட்டைப் புல் முன்பைவிடச் செழித்து எழும். குயின்ஸ்லாந்தில் இதே புல்லை விதைத்தவர்கள் ஒரு சிக்கலைச் சந்தித்தார்கள். விதைத்துச் சில ஆண்டுகளில் மேய்ச்சல் தளர்ந்துபோனது, சில இடங்களில் விளைச்சல் பாதியாயிற்று. மழையில் குறையில்லை, மண்ணின் நைட்ரஜன் முழுவதும் மக்காத வேரிலும் சருகிலும் சிக்கிக் கிடந்தது காரணம். உழுதால் அது கொஞ்சம் விடுபடும்; பயறு வகைச் செடி சேர்த்தால் புது நைட்ரஜன் வரும் என்று அங்கே பரிந்துரைத்தார்கள். உழுது, கொள்ளு விதைத்து, நரிப்பயறு போன்ற கொடிகளைப் புல்லோடு விட்டுவைக்கும் கொறங்காட்டு வழக்கத்தில் இரண்டும் ஒருங்கே இருக்கின்றன. இந்த வழக்கம் எப்படி உருவானது என்று எழுதிவைத்தவர் இல்லை. பல தலைமுறை மாட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்துத் திருத்தித் திருத்தி வந்தது.

இந்தப் புல்லில் உருவான மாடுதான் காங்கேயம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாக இதைத் தேர்ந்து வளர்த்தது. 1936இல் வெளிவந்த லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலில் இதற்குத் தனி இடமுண்டு. கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பலாகும். காளை காரியாகக் கறுக்கும். பால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான். இதன் பெருமை வண்டியிலும் ஏரிலும் கவலை இறைப்பதிலும் இருந்தது. கொல்லங்கோட்டு வயல்களை உழுத எருதுகளில் பல பொள்ளாச்சிச் சந்தை வழியாக இந்தக் காடுகளிலிருந்து போனவை. கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் இன்றும் கூடுகிறது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாட்டைப் பற்றிய பேச்சு ஊரெங்கும் எழுந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பேச்சு இனத்தோடு நின்றுவிட்டது. கொறங்காடு இல்லாத காங்கேயம் மாட்டைத் தொழுவத்தில் கட்டி மூட்டைத் தீவனம் போட்டு வளர்க்கலாம்; இரண்டு லிட்டர் பாலுக்கு அந்தச் செலவு எந்த நாளிலும் கட்டாது. புல்வெளியைக் காக்காமல் இனத்தைக் காக்க முயல்வது, நல்ல மனத்தோடு செய்தாலும், பணக்காரரின் பொழுதுபோக்காக முடியும்.

கொறங்காடோ வேகமாகக் குறைகிறது. கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் வந்தன. இப்போது சூரிய மின்தகடுகள் வருகின்றன. திருப்பூரின் வளர்ச்சியோடு வீட்டுமனைகள் வருகின்றன. சீமைக் கருவேல் தானே வருகிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் கால்வாய் எட்டிய இடங்களில் புல்லை உழுது தென்னையும் மக்காச்சோளமும் வைத்தார்கள். அந்த நீர், கொல்லங்கோட்டுக்குப் பின்னாலுள்ள மலைகளின் நீர். 1970இல் இரு மாநிலங்களும் செய்த ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி சித்தூர்ப் பக்கம் போகிறது. ஒரு பங்கு கிழக்கே வெள்ளகோவில் வரை போகிறது. மேற்கே மேய்ச்சல் தீர்ந்தபோது கிழக்கே நீர் பாய்ந்து புல் தீர்ந்தது. அங்கு விளைந்த மக்காச்சோளம் தீவனமாகிக் கட்டிப்போட்ட மாடுகளின் தொட்டிக்குப் போகிறது. இருமுனையிலும் நிலத்தில் நடந்து மேய்ந்த மாட்டுக்கு இடம் சுருங்கியது.

காடுகளில் மேய்ப்பவர்கள் நிலை இதைவிடக் கடினம். இடுக்கி எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்து மலைமாடுகள் நூற்றுக்கணக்காகச் சேர்ந்து மலையேறிக் கிடை போடுபவை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அதே மாதத்தில் அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவுக்குச் சுருக்கியது. 2006இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்றிருக்கிறது; ஆனால் உரிமையைக் கோரிப் பெறுவது கிடைக்காரர்களுக்கு எளிதாக இல்லை. இத்தகைய வழக்குகளில் எத்தனை மாடு, எந்த மாதம், எந்தச் சரிவுக்கு எவ்வளவு ஓய்வு என்ற கேள்விகள் நடுவில் வர வேண்டும். அனுமதி, தடை என்ற இரண்டே சொற்களால் ஒரு புல்வெளியை நிர்வகிக்க முடியாது. வாம்பியானாவும் காங்கேயமும் காட்டுவது அதைத்தான்.

கொல்லங்கோட்டுக்கு இதிலிருந்து ஏதேனும் எடுத்துக்கொள்ள முடியுமா? நெல்வயலைப் புல்வெளியாக்கு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அதே சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை ஊராட்சிகள், மழையிலும் பேச்சிலும் கொங்கு நாட்டின் தொடர்ச்சி. அங்கே கிணறு வற்றித் தரிசாகப் போட்ட நிலங்கள் உண்டு. கிளுவையும் கொழுக்கட்டைப் புல்லும் அந்த மண்ணுக்கு அந்நியமில்லை. கறவையில் இருக்கும் கலப்பினப் பசு அந்தப் புல்லை மட்டும் தின்று பத்து லிட்டர் தராது. அதற்குத் தொழுவமும் மூட்டையும் வேண்டும். ஆனால் எந்தப் பண்ணையிலும் கறவையில் இல்லாத மாடுகள் இருக்கின்றன: கிடாரிகள், வற்றுக்கறவைகள், சினை மாடுகள். இவற்றுக்கும் மூட்டைத் தீவனம் போட்டே சிறு பண்ணைக்காரர்கள் கடனாளியாகிறார்கள். கிடாரியை ஒன்றரை ஆண்டு அடைப்பில் விட்டு வளர்த்தால் செலவு குறையும். வெயிலில் நடந்த கால் கன்று ஈன்றபின் பலமாக நிற்கும்.

ஒரு பால் சங்கம் பத்துப் பேரின் தரிசைக் குத்தகைக்கு எடுத்து, நான்கைந்து அடைப்புகளாகப் பிரித்து, உறுப்பினர்களின் கிடாரிகளை நாள் கட்டணம் வைத்து அங்கே விடலாம். குத்தகை பத்தாண்டுக்காவது இருக்க வேண்டும், ஏனென்றால் கிளுவை வேலி கூடி வரவே சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கம்பிவேலிக்கு மானியம் தேவைப்படும். தொடங்கும் மாதமும் முக்கியம். பாலக்காட்டில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை முதலில் வந்து, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை பின்னால் வருகிறது. கிழக்கு ஓரத்தில் இரண்டும் மெலிந்து வரும். எனவே காங்கேயத்தின் ஒற்றை ஓய்வுக் காலத்தை அப்படியே நகலெடுக்க முடியாது. இரண்டு மழைக்கும் இரண்டு அடைப்புகளை மாற்றி மாற்றிச் சாத்த வேண்டியிருக்கும். எந்த அடைப்பில் எத்தனை கிடாரி என்பதை முதல் மூன்று ஆண்டுகள் குறித்துவைத்து, பஞ்சம் வந்த ஆண்டின் புல்லைப் பார்த்தே எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.